உடலரண் காக்கும் வெள்ளணுப் படை



வயலில் வேலை செய்யும் உழவன் ஒருவனின் உள்ளங்காலில் முள் தைக்கிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் மீண்டும் வேலையில் இறங்குகிறான். மறுநாள் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, குத்திக் குத்தி வலிக்கிறது. அதற்கடுத்த நாள் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. பின்னர்ச் சீழ் கோத்து, உடைந்து வடிந்து, புண் ஆறிவிடுகிறது. இதனைக் கண்டறியாதார் தமிழகத்தில் ஒருவரும் இலர். ஆயினும், அந்தச் சில நாள்களில் அக்காலினுள் நடந்த போர் எத்தகையது? பகைவர் யார்? காவலர் யார்? வடிந்த சீழ் யாருடைய பிணக்குவியல்? நெறி ஏன் கட்டிற்று? இவற்றை அறிந்தோர் எத்துணைப் பேர்?

தன் உடலுக்குள் நாள்தோறும் நடக்கும் போரைப் பற்றி மாந்தன் அறியாதிருத்தல் வெறும் அறியாமையோடு நின்றுவிடுவதன்று. அவ்வறியாமையால் மருந்தை வேண்டாதபோது உண்பான். வேண்டும்போது பாதியில் நிறுத்துவான். அதனால் அவனும் கெடுவான். அவனைச் சூழ்ந்தோரும் கெடுவர். ஆகவே, உடலின் காவற்படையைப் பற்றிய செய்தி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. மக்கள் அனைவர்க்கும் உரியது.

தமிழ்ப் புறத்துறை நூலார், பகைவனது அரணை வளைத்தலை உழிஞை என்றும், அரணை உள்ளிருந்து காத்தலை நொச்சி என்றும் வகுத்தனர். திருக்குறளிலும் ஒற்றாடல், அரண், படைமாட்சி, உட்பகை என்பன தனித்தனி அதிகாரங்களாக அமைந்துள்ளன. நாட்டுக்குச் சொன்ன இந்நான்கும் உடலுக்கும் பொருந்துவனவே. உடலும் ஓர் அரண். அதனை வளைப்போர் பாக்டீரியா என மேலையர் வழங்கும் நுண்ணுயிரிகள். தோலே அவ்வரணின் புறமதில். கண்ணீரிலும் எச்சிலிலும் நுண்ணுயிரியின் உறையைக் கரைக்கும் நொதி ஒன்று உள்ளது. 1922ஆம் ஆண்டு அலெக்சாந்தர் பிளெமிங்கு இதனைக் கண்டறிந்தார். இரைப்பையில் உள்ள புளிநீர் உணவோடு வரும் பகைவரைக் கொல்லும். இவையெல்லாம் மதிலும் அகழியும் போன்றவை. மதில் உடைந்து பகைவன் உட்புகுந்தால் அவனை எதிர்நின்று பொருபவர் யார்? அவரே குருதியில் உலவும் வெள்ளணுக்கள்.

இவ்வுண்மை வெளிப்பட்ட கதை கேட்கத் தக்கது.

1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், செருமானிய மருத்துவர் இராபர்ட்டு காக்கு, பெர்லின் நகரில் அறிஞர் கூடிய அவையொன்றில், எலும்புருக்கி நோயை உண்டாக்குவது கோல் வடிவுடைய ஒரு நுண்ணுயிரியே என்பதைச் சான்றுகளுடன் நிறுவினார். காசநோய் என இன்று பலரும் வழங்கும் இந்நோய் அக்காலத்து ஐரோப்பாவில் எண்ணிறந்தோரைக் கொன்றுகொண்டிருந்தது. அன்று பகைவன் இன்னான் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஆனால், அவனைத் தடுப்பவன் யார் என்பது தெரியவில்லை. நோய்த்தொற்று அடைந்தோர் அனைவரும் மடிந்துவிடுவதில்லையே! ஒரே கூரையின்கீழ் ஒரே காற்றை மூச்சிழுத்த உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் நோயுறுகிறார். மற்றவர் நலமாய் இருக்கிறார். இவ்வேறுபாடு எதனால் வந்தது?

அதே ஆண்டின் இறுதியில் இதற்கு விடை கிடைத்தது. விடை கண்டவர் மருத்துவர் அல்லர், விலங்கியல் அறிஞர். இலியா மெச்சினிக்காவு என்பது அவர் பெயர். இன்றைய உக்கிரைன் நாட்டில் கார்க்கிவு நகரை அடுத்த ஊரில் 1845ஆம் ஆண்டு பிறந்தவர். ஒடெசாப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அங்கு ஏற்பட்ட அரசியல் குழப்பங்களால் பணியைத் துறந்து, மனைவியோடும் அவர்தம் உடன்பிறந்தாரோடும் இத்தாலிய நாட்டுச் சிசிலித் தீவில் உள்ள மெசினா என்னும் கடற்கரை நகருக்குச் சென்று தங்கியிருந்தார்.

ஒரு நாள் வீட்டார் அனைவரும் வட்டரங்கில் குரங்குகள் காட்டும் விளையாட்டைக் காணச் சென்றுவிட்டனர். மெச்சினிக்காவு மட்டும் தனித்திருந்து, நட்சத்திர மீன் என வழங்கும் உடுமீனின் இளவுருவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்விளவுரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுந் தன்மையது. உயிரோடிருக்கும்போதே அதன் உள்ளே நடப்பன அனைத்தும் தெரியும். அதன் உடலினுள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்து திரிவதை அவர் கண்டார். அப்பொழுது அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னிற்று. இவ்வணுக்கள் வாளா திரிவன அல்ல; உடலைக் காக்கத் திரிவனவாக இருத்தல் கூடும். அங்ஙனமாயின், உடலில் ஒரு முள்ளைச் செருகினால் இவை அதனைச் சூழ்ந்துகொள்ளல் வேண்டுமே!

உடனே அவர் வீட்டுத் தோட்டத்துக்குச் சென்றார். உரோசாச் செடியிலிருந்து சில முள்களைக் கிள்ளி வந்தார். அவற்றை அவ்விளவுருக்களின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியற்காலையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பார்த்தபோது, முள்ளைச் சுற்றி ஊரும் அணுக்கள் திரண்டு மொய்த்திருந்தன. அவ்வுயிரிக்கு மாந்தனுக்கு இருப்பது போன்ற குருதியோட்டம் இல்லை. ஆயினும், மாந்தன் விரலில் முள் தைத்தால் வெள்ளணுக்கள் அங்குக் கூடுவது போலவே, இச்சிற்றுயிரியின் அணுக்களும் கூடின. காவற்படை என்பது உயர்ந்த விலங்குகளுக்கு மட்டும் உரியதன்று. உயிர்த்தோற்றத்தின் மிகத் தொன்மையான ஏற்பாடு என்பது தெளிவாயிற்று.

இங்கு ஒன்று எண்ணத் தக்கது. வெள்ளணுக்களின் உள்ளே நுண்ணுயிரிகள் இருப்பதை மருத்துவ அறிஞர் பலர் அவருக்கு முன்பே கண்டிருந்தனர். கண்டும் பொருளை மாற்றி உணர்ந்தனர். வெள்ளணு நுண்ணுயிரியைச் சுமந்து உடலெங்கும் பரப்புகிறது என்றே அவர்கள் கருதினர். கைவிலங்கிட்டு இழுத்துச் செல்லப்படும் பகைவனைக் கண்டு, தேரேறி உலாப்போகும் பகைவன் என்று எண்ணியதை ஒக்கும் இது! அப்போது மெசினாவுக்கு வந்திருந்த செருமானிய நோயியல் பேரறிஞர் உருடால்பு விர்ச்சோ, மெச்சினிக்காவின் ஆய்வைக் கண்டு ஊக்கமளித்தார். எனினும் நோயியலார் கொள்கை இதற்கு நேர்மாறானது. ஆகவே விழிப்போடு நடக்க என்று அறிவுறுத்தினார். கண் காண்பது ஒன்று. கருத்துக் காண்பது வேறொன்று. காட்சி எல்லார்க்கும் பொதுவாயினும், அதன் மெய்ப்பொருள் காண்பவரே அறிஞர் ஆகிறார்.

பின்னர் அவர் வியன்னா நகரின் வழியே திரும்பியபோது, அங்கிருந்த விலங்கியல் பேராசிரியர் காரல் கிளாசு என்பாரிடம் தம் கருத்தைக் கூறி, இவ்வணுக்களுக்குத் தக்கதொரு பெயர் வேண்டினார். உண்ணுதல் என்னும் பொருளும் அறை என்னும் பொருளும் உடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 'பேகோசைட்டு' என்னும் பெயரை அவர்கள் ஆக்கித் தந்தனர். ஐரோப்பியர்க்குக் கிரேக்கத்தில் தேட வேண்டியிருந்த பொருள், தமிழர்க்கு வீட்டுச் சொல்லிலேயே உள்ளது. விழுங்கும் அணு, விழுங்கணு. அவ்வளவே. இச்சொல்லைக் கேட்கும் ஐந்தாம் வகுப்பு மாணவனும் அவ்வணு செய்யும் தொழிலை அக்கணமே அறிந்துகொள்வான். அயற்பெயரையோ பொருள் தெரியாமல் உருப்போட்டுத்தான் ஆதல் வேண்டும்.

1884ஆம் ஆண்டு மெச்சினிக்காவு மற்றொரு சான்றைத் தந்தார். குளங்குட்டைகளில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரியும் ஒளி ஊடுருவும் உடலுடையது. அதனைப் பற்றும் ஒரு பூஞ்சையின் வித்துகள் ஊசி போன்றவை. நீர்த்தெள்ளு அவற்றை உணவோடு விழுங்கியதும், அவை குடலைத் துளைத்துக்கொண்டு உடலினுள் நுழைகின்றன. உடனே விழுங்கணுக்கள் அவற்றைச் சூழ்ந்து தின்னத் தொடங்குகின்றன. விழுங்கணுக்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைக்கிறது; வித்துகள் முளைவிட்டுப் பெருகிவிட்டால் நீர்த்தெள்ளு மடிகிறது. நோய் என்பது வேறொன்றுமன்று. இரு படைகளுக்கிடையே நடக்கும் போரே நோய் என்பதை அவர் கண்ணெதிரே காட்டிவிட்டார்.

ஆயினும் அறிஞருலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. 1890ஆம் ஆண்டு, பெர்லினில் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய எமில் பேரிங்கும் நிப்பானியராகிய கிட்டசாட்டோவும், நோய்நஞ்சை முறிக்கும் பொருள் குருதிநீரிலேயே உண்டாகிறது என்பதைக் கண்டறிந்தனர். தொண்டையடைப்பான் நோய்க்கு அதனால் மருந்து பிறந்தது. அதனால், காப்பது குருதிநீரே, அணுக்கள் அல்ல என்று செருமானியர் பலர் வழக்காடினர். 1888ஆம் ஆண்டு முதல் பாரிசு நகரில் பாசுடர் நிறுவனத்தில் பணியாற்றிவந்த மெச்சினிக்காவு, அணுக்களே காக்கின்றன என்று அயராது நிறுவிவந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வழக்கு நீடித்தது.

இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு என்பதை 1903ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஆல்மிரோத்து இரைட்டு, இசுட்டூவர்ட்டு டக்ளசு என்னும் இருவர் காட்டினர். குருதிநீரில் உள்ள சில பொருள்கள் நுண்ணுயிரியின் மேல் படிந்தால், விழுங்கணு அதனை விரைந்து விழுங்குகிறது, படியாவிடின் தயங்குகிறது. வெறுஞ்சோறு தொண்டையில் இறங்க மறுப்பதும், குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எளிதில் இறங்குவதும் போன்றது இது. ஆக, குருதிநீர் பகைவனை அடையாளமிட்டுத் தருகிறது. விழுங்கணு அவனைப் பிடித்து அழிக்கிறது. 1908ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு, அணுக்கொள்கையினராகிய மெச்சினிக்காவுக்கும், குருதிநீர்க் கொள்கையினராகிய பால் ஏர்லிக்குக்கும் பகிர்ந்து அளிக்கப்பெற்றது.

அவ்வேர்லிக்கே வெள்ளணுக்களை வகைப்படுத்திக் காட்டியவர். சாயமேற்றி நோக்கியபோது சில அணுக்கள் புளிச்சாயத்தை விரும்பின. சில காரச்சாயத்தை விரும்பின. பெரும்பாலானவை இரண்டையும் சாராத நடுநிலைச் சாயத்தை ஏற்றன. அதனால் அவற்றை நியூட்ரோபில் என்றனர். இருபாலும் சேராத நடுநிலையைத் தமிழில் நொதுமல் என்பர். ஆகவே இதனை நொதுமலணு என்க. பெயர்தான் நொதுமல், போரிலோ இதற்கு நடுநிலை என்பதே கிடையாது!

வளர்ந்த மாந்தனின் குருதியில் உள்ள வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஐம்பது முதல் எழுபது வரை நொதுமலணுக்களே. எலும்பின் உள்ளீடாகிய எலும்புச்சோற்றில் இவை பிறக்கின்றன. ஒரு நாளில் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நொதுமலணுக்கள் ஓர் உடலில் உருவாகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். இவற்றின் வாழ்நாள் மிகக் குறுகியது. பகை வரினும் வராவிடினும் நாள்தோறும் புதிய படை புறப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

இனி அவ்வுழவன் காலுக்குத் திரும்புவோம். முள்ளோடு நுண்ணுயிரிகளும் உள்ளே நுழைந்துவிட்டன. ஊனுக்குள் நிலையாகக் குடியிருக்கும் பெருவிழுங்கணுக்கள் முதலில் அவற்றை எதிர்கொள்கின்றன. பகைவன் இவன், தன் அணு இது என்று அவை எங்ஙனம் பிரித்தறிகின்றன? நுண்ணுயிரியின் உறையில், மாந்தன் உடலில் எங்கும் இல்லாத சில பொருள்கள் உள்ளன. அவற்றைத் தொட்டறியும் உணர்விகள் விழுங்கணுவின் மேற்புறத்தில் அமைந்துள்ளன. இவ்வகை உணர்வி ஒன்று பழ ஈயைப் பூஞ்சைத் தொற்றினின்று காப்பதை 1996ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சூல் ஆப்மன் குழுவினர் கண்டனர். பாலூட்டிகளிலும் அதனை ஒத்த உணர்வி நுண்ணுயிரியின் உறைப்பொருளை உணர்கிறது என்பதை 1998ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுப் புரூசு பியூட்லர் குழுவினர் கண்டனர். இருவரும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பகையை உணர்ந்த பெருவிழுங்கணு, முரசறைவது போல் வேதிப்பொருள்களை வெளிவிடுகிறது. அருகிலுள்ள குருதி நுண்குழாய்கள் விரிகின்றன. அதனால் அவ்விடம் சிவந்து சுடுகிறது. குழாயினின்று நீர் கசிகிறது, அதனால் வீங்குகிறது. நரம்பு முனைகள் தூண்டப்பெறுகின்றன, அதனால் வலிக்கிறது. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்னும் இந்நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே உரோமானிய நூலாசிரியர் செல்சசு குறித்துவைத்தார். அவர் கண்டது விளைவு. அதன் ஏதுவை உலகம் கண்டது மெச்சினிக்காவுக்குப் பின்னரே.

குருதியில் விரைந்தோடும் நொதுமலணுக்கள் அவ்விடம் வந்ததும் குழாயின் உட்சுவரில் ஒட்டி உருண்டு, நின்று, சுவரின் இடுக்கு வழியே தம் உடலை நெளித்து வெளியேறுகின்றன. மோப்பம் பிடித்துச் செல்லும் வேட்டைநாய் போல், வேதிப்பொருளின் செறிவு மிகும் திசை நோக்கி ஊர்ந்து சென்று பகைவனை அடைகின்றன. நுண்ணுயிரியைத் தம் உடலால் வளைத்து உள்வாங்கி ஒரு பைக்குள் அடைத்துவிடுகின்றன. பின்னர், நொதிகளும் நஞ்சுகளும் நிறைந்த சிறுபைகள் அப்பையோடு ஒன்றிக் கொட்டுகின்றன. உயிர்வளியைக் கொண்டு வீரியமிக்க பொருள்கள் அங்கு ஆக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, குடிநீர்த் தொட்டியில் வெளுப்புத்தூளைக் கரைக்கும்போது நுண்ணுயிரிகளைக் கொல்லும் அதே குளோரின் கூட்டுப்பொருளாகும். நகராட்சி குடிநீர்த் தொட்டியில் செய்வதை, கண்ணுக்குப் புலனாகா அவ்வணு தன் வயிற்றுக்குள் செய்கிறது!

2004ஆம் ஆண்டு பெர்லின் நகர ஆய்வாளர்கள் மற்றொரு வியப்பைக் கண்டனர். நொதுமலணு சிலபோது தன் கருவில் உள்ள மரபிழைகளையே வெளியே வீசி வலையாக விரித்து, நுண்ணுயிரிகளை அதில் சிக்கவைக்கிறது. இங்ஙனம் பொருது மாய்ந்த நொதுமலணுக்கள், மாண்ட நுண்ணுயிரிகள், சிதைந்த ஊன் ஆகியவற்றின் கலவையே சீழ். சீழில் தோன்றும் பச்சைச் சாயல், அக்குளோரின் பொருளை ஆக்கும் நொதியின் நிறமேயாகும். அருவருத்துத் துடைத்தெறியும் அச்சீழ், காவலர் தம் உயிரைக் கொடுத்ததன் அடையாளம் என்க.

நெறி கட்டியது எதனால்? ஊனுக்குள் கிளையணுக்கள் என்னும் ஒற்றர் உளர். 1973ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் இரால்பு இசுட்டைன்மன் இவற்றைக் கண்டறிந்தார். 2011ஆம் ஆண்டு நோபல் பரிசின் மறுபாதி அவருக்கு உரியதாயிற்று; ஆனால், அறிவிப்பு வெளிவருவதற்கு மூன்று நாள் முன்னர் அவர் இயற்கை எய்திவிட்டார். இவ்வொற்றணுக்கள் பகைவனின் துணுக்குகளை ஏந்திக்கொண்டு நிணநீர் வழியே தொடையிடுக்கு, அக்குள், கழுத்து முதலிய இடங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அடைகின்றன. அங்கே நிணவணுக்கள் அத்துணுக்கைக் கண்டு, அப்பகைவனுக்கென்றே தனிப்படை திரட்டுகின்றன. படை பெருகுவதால் முடிச்சு வீங்குகிறது. அதனையே மக்கள் நெறி கட்டுதல் என்கின்றனர். நிணவணுக்களுள் ஒருவகை எதிர்ப்பொருள்களை ஆக்கிக் குருதிநீரில் விடுகின்றன. மற்றொருவகை பெருவிழுங்கணுக்களுக்கு வலிமையூட்டுகின்றன. சில நினைவணுக்களாக நின்று, அதே பகைவன் மறுமுறை வந்தால் விரைந்து எழுகின்றன. தடுப்பூசி என்பது இந்நினைவை நோயின்றியே ஊட்டும் முறையாகும்.

இப்படை குறைந்தால் என்னாகும்? 1957ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு மின்னசோட்டாவில் மருத்துவர் சிலர் ஒரு கொடிய நோயைக் குறித்தனர். சில ஆண் குழந்தைகளுக்கு ஓயாமல் சீழ்க்கட்டிகள் தோன்றின. மருந்து கொடுத்தும் அவர்கள் மடிந்தனர். அக்குழந்தைகளின் வெள்ளணுக்களில் எண்ணிக்கைக் குறை இல்லை. விழுங்குதலிலும் குறை இல்லை. விழுங்கியதைக் கொல்லும் ஆற்றலே இல்லை என்பது 1960களில் தெரியவந்தது. உயிர்வளியைக் கொண்டு நஞ்சாக்கும் நொதி அவர்கட்குப் பிறவியிலேயே பழுதாயிருந்தது. வாளேந்திய கையில் வெட்டும் வலிமை இல்லாதது போன்ற நிலை அது.

பிறவிக்குறை அரிதே. ஆயின் நீரிழிவு அரிதன்று. குருதியில் சருக்கரை மிகுந்தால் நொதுமலணுக்களின் ஓட்டமும் விழுங்குதிறனும் தளர்கின்றன. நீரிழிவுடையார் காலில் பட்ட சிறுபுண் ஆறாது பெருகிக் காலையே இழக்க நேர்வதற்கு இதுவும் ஓர் ஏது. புற்றுநோய் மருந்துகள் எலும்புச்சோற்றைத் தாக்கி நொதுமலணுக்களைக் குறைத்துவிடும். அந்நிலையில் வரும் காய்ச்சலை ஒரு நாளும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இங்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றியும் கூறுதல் வேண்டும். இரைட்டின் ஆய்வகத்தில் பயின்ற பிளெமிங்கு 1928ஆம் ஆண்டு பெனிசிலினைக் கண்டார். அது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆயினும், மருந்தே முழுப்போரையும் செய்துவிடுகிறது என்பது பிழை. பல மருந்துகள் நுண்ணுயிரியின் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. நின்றதைக் களையெடுப்பவை விழுங்கணுக்களே. மருந்து துணைப்படை, வெள்ளணு மூலப்படை. குறைந்த அளவில் மருந்துண்டால் நுண்ணுயிரிகள் அதற்குப் பழகிவிடும் என்று பிளெமிங்கே 1945ஆம் ஆண்டு தம் நோபல் உரையில் எச்சரித்தார். சளிக்கும் நச்சுயிரிக் காய்ச்சலுக்கும் கடையில் தாமே கேட்டு வாங்கி நுண்ணுயிர்க்கொல்லியை உண்பார் இன்றும் பலர். அம்மருந்து நச்சுயிரியை ஒன்றும் செய்வதில்லை. உடலிலுள்ள நுண்ணுயிரிகட்கோ அதனை எதிர்க்கப் பயிற்சி கொடுத்துவிடுகிறது!

இனி உட்பகை. எலும்புருக்கிக் கோலுயிரியே அவ்வுட்பகை. மூச்சோடு நுரையீரலை அடையும் அதனைப் பெருவிழுங்கணு விழுங்குகிறது. ஆனால், விழுங்கப்பட்ட பையோடு நஞ்சுப்பைகள் ஒன்றாதவாறு அக்கோலுயிரி தடுத்துவிடுகிறது; 1971ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர் இருவர் இதனைக் காட்டினர். சிறைக்கூடத்தையே தன் மாளிகையாக்கிக்கொண்ட பகைவன் அவன்! பெரும்பாலோர் உடலில், நிணவணுக்களின் துணைபெற்ற பெருவிழுங்கணுக்கள் அவனைச் சுற்றி மதிலெழுப்பி அடைத்துவைக்கின்றன. தொற்றுற்றோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயுறுகின்றனர். பசியாலோ, நீரிழிவாலோ, எயிட்சு நச்சுயிரியாலோ, முதுமையாலோ காவல் தளர்ந்தால் மதில் இடிகிறது, பகைவன் வெளிப்படுகிறான்.

இப்போரில் சென்னைக்குத் தனிச்சிறப்புண்டு. 1956ஆம் ஆண்டு சென்னையில் எலும்புருக்கி மருத்துவ ஆய்வு நடுவம் ஒன்று தொடங்கப்பெற்றது. ஏழை நோயாளிகள் 193 பேரை இருபிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருத்துவமனையிலும் மறுபிரிவினர்க்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தை அளித்தனர். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடிலில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். எனினும் அவர்களும் ஏறத்தாழ அதே அளவில் நலம் பெற்றனர். 1959ஆம் ஆண்டு வெளியான இம்முடிவு உலகெங்கும் மருத்துவ முறையை மாற்றியது. மருந்தைத் தவறாது முழுமையாக உண்டால் ஏழையின் குடிலும் மருத்துவமனையே என்பது சென்னை உலகுக்குச் சொன்ன செய்தி.

அங்ஙனமாயின் உணவு வேண்டாவோ? வேண்டும். நோயுற்றவரைக் குணப்படுத்துவது மருந்து. நோயுறாதவரைக் காப்பதில் உணவுக்குப் பெரும்பங்குண்டு. 2019 முதல் 2022 வரை சார்க்கண்டு மாநிலத்தில் நடந்த ஆய்வொன்றில், எலும்புருக்கி நோயாளிகளின் குடும்பத்தார் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணித்தனர். ஒரு பகுதியினர்க்குத் திங்கள்தோறும் அரிசியும் பருப்பும் நுண்ணூட்ட வில்லைகளும் கொடுத்தனர். அவர்களிடையே புதிதாக நோயுறுவோர் தொகை, கொடுக்கப்பெறாதவரிடையே இருந்ததைவிட 39 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. எளிய சோறும் பருப்பும் ஒரு காவற்படையை நிமிர்ந்து நிற்கச் செய்தன!

அன்பர்களே! எலும்புருக்கிக்கு வழக்கமாக ஆறு திங்கள் மருந்துண்ணல் வேண்டும். இரண்டாம் திங்களிலேயே இருமல் நின்றுவிடுகிறது, உடல் தேறுகிறது, பசி எடுக்கிறது. குணமாயிற்று என்று எண்ணி மருந்தை நிறுத்துவார் உளர். அவர் நுரையீரலின் உள்ளே, விழுங்கணுக்களின் வயிற்றுக்குள், மெல்லப் பெருகும் கோலுயிரிகள் இன்னும் பதுங்கியிருக்கின்றன என்பதை அவர்க்கு யார் சொன்னார்? மருந்தை எதிர்க்கும் வலிமையோடு அவை மீண்டும் எழும் என்பதை யார் சொன்னார்? சொன்னவர் அவருக்குப் புரியும் மொழியில் சொன்னாரா? குருதி ஆய்வுத் தாளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட எண்களைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் தாய்க்கு, "அம்மா, இது உங்கள் மகனைக் காக்கும் விழுங்கணுக்களின் எண்ணிக்கை, இவை குறைந்துள்ளன, ஆகவே காய்ச்சல் வந்தால் உடனே அழைத்து வாருங்கள்" என்று ஒரு சொல் தமிழில் கூறினால், அவர் ஏன் என்று அறிந்து செய்வார். ஏன் என்று அறிந்து செய்பவர் பாதியில் கைவிடார்.

ஆகவே, ஆசிரியர்கள் வகுப்பில் இதனைச் சொல்லுக. மாணவர்கள் வீட்டில் சொல்லுக. மருத்துவம் பயிலும் தமிழ் இளைஞர்கள் நோயாளியின் அருகமர்ந்து அவர் மொழியில் சொல்லுக. புண்ணைத் தூய்மையாக வைத்துக்கொள்க; நீரிழிவைக் கட்டுக்குள் நிறுத்துக; குழந்தைகட்குத் தடுப்பூசியைத் தவறவிடற்க; மருத்துவர் சொல்லாத நுண்ணுயிர்க்கொல்லியை உண்ணற்க; சொன்னதை இடையில் நிறுத்தற்க; வீட்டில் இருப்பதைப் பகிர்ந்து, வயிறாரச் சோறும் பருப்பும் கீரையும் உண்க.

ஊதியமும் புகழும் வேண்டாமல், ஒரு நாளுக்குப் பத்தாயிரம் கோடியாய்ப் பிறந்து பொருது மாயும் ஒரு படை ஒவ்வொருவர் உள்ளேயும் நொச்சி சூடி நிற்கிறது. அதற்குச் செய்யத் தக்க கைம்மாறு, அதனை அறிந்துகொள்வதும், அதன் போருக்கு இடையூறு செய்யாதிருப்பதுமேயாம்.